முன்னால கரண்டு, பின்னால டீசல்

போன வாரம் அக்கா மகன் சென்னையிலிருந்து ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். நீளமான டிரெய்லர் லாரி ஒன்று, சத்தமும் இல்லாமல் புகையும் இல்லாமல் ஒரு கம்பெனி வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வருது. "மாமா, இனிமே லாரியும் கரண்டுலதான். உங்க வாழைக்காய் இதுலதான் தூத்துக்குடி போகப்போகுது பாருங்க" என்று கீழே எழுதியிருந்தான். கைதட்டுற பொம்மை நாலு.

வீடியோவை மூணு தடவை பார்த்தேன். லாரி நல்லாத்தான் இருந்தது. ஆனா அது இழுத்துக்கிட்டுப் போனது வெறும் இரும்புப் பெட்டி. என் காய் போகிற பெட்டி அது இல்லை. அதனால அவனுக்கு, "மாப்ள, முன்னால கரண்டு சரி. பின்னால இருக்கிற பெட்டிக்கு எவன் கரண்டு கொடுப்பான்?" என்று கேட்டு அனுப்பினேன். அவனுக்குப் புரியலை. "பெட்டிக்கு எதுக்கு மாமா கரண்டு?" என்று திருப்பிக் கேட்டான். இன்ஜினியரிங் படிச்சவன். அவனையே கேட்க வச்சுடுச்சுன்னா, பட்டணத்தில் இருக்கிற மத்தவங்களுக்கும் சேர்த்தே எழுதிடலாம்னு உட்கார்ந்தேன்.

எங்க கம்பம் பள்ளத்தாக்கில் சின்னமனூர், உத்தமபாளையம் பக்கம் வந்தீங்கன்னா ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் பச்சை வாழை நிற்கும். ஜி-9 என்று சொல்வோம். திசு வளர்ப்புக் கன்று வாங்கி நட்டு, சொட்டுநீர் விட்டு, பதினொரு பன்னிரண்டு மாசம் பார்த்தால் ஒரு தார். உள்ளூர் மார்க்கெட்டுக்குப் போகிறது போக, நல்ல தார் வெளிநாட்டுக்குப் போகும். அதுக்கு வெட்டுறதே வேற மாதிரி. தார் மண்ணில் படக்கூடாது. காயில் நகம் படக்கூடாது. சீப்பு சீப்பாக அறுத்து, தொட்டித் தண்ணியில் போட்டு, பால் வடிய விட்டுக் கழுவி, காற்றில் ஆறவிட்டு, 13 கிலோ அட்டைப்பெட்டியில் அடுக்கணும். அந்த அட்டைப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போக 40 அடி நீளத்தில் ஒரு ஏசி கண்டெய்னர் வரும். ஒன்றில் 20 டன் அளவுக்குப் பிடிக்கும். இங்கிருந்து தேனி, மதுரை, அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடித் துறைமுகம் சுமார் 230 கிலோமீட்டர். அங்கிருந்து கப்பல்.

வாழைக்காய் வெட்டின பிறகும் உயிரோடதான் இருக்கும். மூச்சு விடும், சூடு விடும். வெயில் காலத்தில் தோட்டத்தில் வெட்டுறப்போ காய்க்குள்ளே 30 டிகிரிக்கு மேல இருக்கும். அதை 13, 14 டிகிரிக்கு இறக்கிக் கொண்டு போனால் பச்சையாகவே தூங்கிக்கிட்டுப் போகும். 13-க்குக் கீழே போனாலும் ஆகாது. தோல் கறுத்து, பழுக்கவைத்தாலும் மஞ்சள் ஏறாது. மேலே போனால் பெட்டிக்குள் எங்கேயோ ஒரு சீப்பு பழுக்க ஆரம்பிக்கும். அது விடுகிற வாயு பக்கத்துப் பெட்டியையும் எழுப்பிவிடும். அப்புறம் கண்டெய்னர் முழுக்க எழுந்துக்கும்.

அந்தக் குளிர்ப்பெட்டிக்குக் கரண்டு வேணும். அதுவும் எங்க கிணத்து மோட்டாருக்கு வருகிற அதே த்ரீ பேஸ், 400 வோல்ட் சொச்சம், 32 ஆம்பியர் பிளக். காய் ஒரு தடவை குளிர்ந்துவிட்டால் பெட்டி மணிக்கு நாலு யூனிட் அளவில் தின்னும். நம்ம 5 எச்பி மோட்டார் ஓடுகிற கணக்குதான். சூடான காயைப் புதுசாக ஏற்றியிருந்தால் ஏழு எட்டு யூனிட்டும் இழுக்கும், அதுக்கு மேலேயும் போகும். கப்பலில் ஏறிட்டால் கப்பல் கரண்டு. துறைமுகத்துக்குள் போயிட்டால் அங்கே பிளக் வரிசை இருக்கு. நடுவில் ரோட்டில் போகிறப்போ? டிரெய்லருக்கு அடியிலோ பெட்டியின் நெற்றியிலோ ஒரு டீசல் ஜென்செட் தொங்கும். மணிக்கு ரெண்டு மூணு லிட்டர் குடிக்கும்.

இப்போ மாப்ள அனுப்பின வீடியோவுக்கு வாங்க. லாரி கரண்டில் ஓடுது. ஏசி கண்டெய்னர் ஏத்தினால் பின்னால அதே ஜென்செட்டைத் தொங்கவிட்டுத்தான் ஓட்டப்போறாங்கன்னா, பேனரில் "புகையில்லா வண்டி" என்று எழுதக்கூடாது. லாரி எஞ்சினுக்காவது 2020 ஏப்ரலில் இருந்து பிஎஸ்-6 என்று கடுமையான விதி வந்தது. ஜென்செட் எஞ்சினுக்கு அந்த விதி கிடையாது, அதுக்குத் தனி விதி. முன்னால இருக்கிற பெரிய எஞ்சினைச் சுத்தப்படுத்திட்டு, பின்னால ஒரு சின்ன எஞ்சினை ராத்திரி முழுக்க ஓட விடுவாங்களாம். அதுக்குப் பேர் மின்சார சரக்குப் போக்குவரத்தாம்.

சரி, ஜென்செட்டே வேண்டாம், லாரி பேட்டரியிலிருந்தே பெட்டிக்குக் கரண்டு எடுத்துக்கலாம்னு ஒருத்தர் சொல்லலாம். எடுக்கலாம். பேட்டரியில் இருக்கிறது டிசி, நடுவில் ஒரு இன்வெர்ட்டர் வச்சு த்ரீ பேஸ் ஏசி ஆக்கணும். பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஆனா அங்கேதான் என் பயமே ஆரம்பிக்குது. பயத்துக்குக் காரணத்தைச் சொல்லிடறேன்.

மூணு வருஷத்துக்கு முந்தி, சித்திரை மாசம். நாங்க பதினொரு பேர் சேர்ந்து ஒரு கண்டெய்னர் போட்டோம். என் பங்கு 300 பெட்டி, 3,900 கிலோ. கிலோ 21 ரூபாய் பேச்சு. சாயங்காலம் ஏற்றி முடித்து ராத்திரி ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்தி சீல் வச்சு, ஜென்செட் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுட்டுத்தான் வீட்டுக்கு வந்தோம். இருபத்திரெண்டு நாள் கழித்துப் படம் வருது: அரபு நாட்டு மார்க்கெட்டில் பெட்டியைத் திறந்தால் பாதி மஞ்சள். விலையைக் குறைத்துட்டாங்க. லாரிக் கம்பெனியைக் கேட்டால், "நீங்க முத்தின காயை வெட்டிட்டீங்க" என்று எங்க மேலேயே திருப்பினாங்க.

ஆனா அந்தப் பெட்டிக்குள்ள ஒரு கணக்குப்பிள்ளை இருக்கான். எத்தனை மணிக்குக் கரண்டு வந்தது, எத்தனை மணிக்குப் போனது, உள்ளே எத்தனை டிகிரி என்று எல்லாத்தையும் எழுதிவைப்பான். கெஞ்சிக் கூத்தாடி அந்தப் பதிவை வாங்கினோம். கிளம்பின ராத்திரி 11.40-லிருந்து விடியக்காலம் 5.10 வரைக்கும் கரண்டு இல்லை. அஞ்சரை மணி நேரம். அதுவும் எப்போ? சூட்டோடு ஏற்றின காயை இறக்கிக்கிட்டு இருக்கிற முதல் ராத்திரி. பதிவைக் காட்டினதும், "ஜென்செட் ரிப்பேர் ஆயிருக்கும்" என்றாங்க. அஞ்சரை மணி நேரம் ரிப்பேராம், தானாகச் சரியாகிடுச்சாம். 81,900 ரூபாய் வரவேண்டிய இடத்தில் மூணு மாசம் கழித்து 52,000 வந்தது. அந்த வருஷம் கன்றுக் கடன் அப்படியே நின்னுச்சு.

அடுத்த லோடுக்கு அதே டிரைவர் வந்தார். சண்டை போடணும்னுதான் போனேன். முப்பது வயசுகூட இருக்காது. நான் கேட்டதும் மறைக்கலை. "அண்ணாச்சி, ட்ரிப்புக்கு இத்தன லிட்டர்னு மொத்தமா அளந்து கொடுக்காங்க. லாரிக்கும் அதுதான், ஜென்செட்டுக்கும் அதுதான். கூடச் செலவானா என் பேட்டாவுல புடிப்பாங்க. அந்தச் சத்தத்துல கண்ணும் மூட முடியாது. மறுநாள் வண்டி ஓட்டணுமில்ல?" என்றார். என்ன பதில் சொல்ல? டீ வாங்கிக் கொடுத்துட்டு வந்தேன்.

அந்தத் தம்பி மேல எனக்குக் கோபம் போயிடுச்சு. கணக்குப் போட்டவன் மேலதான் இருக்கு. வண்டி ஓடுறதுக்கும் பெட்டி குளிர்றதுக்கும் ஒரே டீசலை அளந்து கொடுத்து, மிச்சம் பிடித்தால் உனக்கு, கூடப் போனால் உன் தலையில் என்று வச்சால், எந்த சுவிட்சை அணைப்பான் மனுஷன்? வண்டியை நிறுத்தினால் ஊர் போய்ச் சேராது. குளிரை நிறுத்தினால் யாருக்கும் உடனே தெரியாது. இருபத்திரெண்டு நாள் கழித்து எங்கேயோ ஒரு அரபு நாட்டில் தெரியும்.

மின்சார லாரியில் இந்த வியாதி போயிடுமா? போகாது, கூடும். ஒரே பானை, ரெண்டு வாய். 55 டன் இழுக்கிற மாதிரியான லாரிகளில் பேட்டரி 250, 300 யூனிட் என்று வருது. முழு லோடோடு கிலோமீட்டருக்கு ஒன்றேகால் யூனிட் என்று வைங்க. சின்னமனூரிலிருந்து தூத்துக்குடிக்கு 290 யூனிட் ஓட்டத்துக்கே போயிடும்; வழியில் ஒரு தடவை சார்ஜ் போட்டே ஆகணும். இதில் சூடான காய்ப்பெட்டி ஏழு மணி நேரத்துக்கு எட்டு எட்டு யூனிட்டாக இழுத்தால் 56 யூனிட். அதாவது 45 கிலோமீட்டர் ஓட்டம் குறையும். எட்டயபுரம் தாண்டி வர்றப்போ பேட்டரி சிவப்பில் நின்னு கண்ணடிக்குது, அடுத்த சார்ஜர் எங்கேன்னு தெரியலைன்னா, டிரைவர் கை எங்கே போகும்? முன்னாடியாவது ரோட்டோரம் கேனில் டீசல் வாங்கி ஊத்தலாம். கரண்டைக் கேனில் வாங்க முடியுமா?

ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம் இன்னும் மோசம். கண்டெய்னர் வண்டி ரோட்டில் ஓடுறது ஏழு மணி நேரம்னா, நிற்கிறது அதைவிட அதிகம். ஷெட்டில் காத்திருக்கும், டிரைவர் தூங்குவார், பேப்பர் வரலைன்னு துறைமுகத்துக்கு வெளியே வரிசையில் நிற்கும். பதினாலு மணி நேரம் நின்னா, மணிக்கு அஞ்சு யூனிட் போட்டாலும் 70 யூனிட். ஒரு அடிகூட நகராமல் 56 கிலோமீட்டர் தூரத்துக்கான பேட்டரி காலி. அப்புறம் இன்னொரு கூத்து. நான் பார்த்த சார்ஜிங் ஸ்டேஷன் எல்லாம் கார் நிறுத்துகிற அளவில் இருக்கு. 40 அடி கண்டெய்னரோடு அதுக்குள்ள திரும்ப முடியாது. டிரெய்லரை வெளியே கழற்றிவிட்டு லாரித் தலையை மட்டும் உள்ளே கொண்டுபோய்ச் சார்ஜ் போடணும். அந்த ஒன்றரை மணி நேரம் கழற்றிவிட்ட பெட்டிக்குக் கரண்டு? வெயிலில் தனியா நிற்கும், என் காயை வயித்தில் வச்சுக்கிட்டு.

மேலே சோலார் போடலாமே என்று மாப்ள உடனே சொன்னான். எனக்கும் அந்த ஆசை வந்து, போன வருஷம் அளந்தே பார்த்தேன். 40 அடிக்கு 8 அடி கூரை, 29 சதுர மீட்டர். முழுக்கத் தகடு போட்டால் நட்டநடு வெயிலில் 5, 6 கிலோவாட் வரும். ஒரு நாளைக்கு 25 யூனிட் சொச்சம். குளிர்ந்த காய்க்கே ஒரு நாளைக்கு 96 யூனிட் வேணும். அதோட கப்பலில் ஒரு பெட்டி மேல இன்னொரு பெட்டியை அடுக்குவாங்க. தகடு அப்பளம்தான். காய் பயணம் போகிறதும் பாதிக்கு மேல ராத்திரியில்.

எதிர்க்கிறதுக்காக இதை எழுதலை. மின்சார லாரி வரட்டும், சந்தோஷமா வரட்டும். டீசல் 92 ரூபாய்னு வச்சுக்கிட்டா, சின்ன ஜென்செட் நல்லா ஓடினாலே லிட்டருக்கு மூணு யூனிட் தரும். ஒரு யூனிட் குளிர்க் கரண்டு 30 ரூபாய்க்கு மேல விழுது. கம்பியில் வருகிற கரண்டு அதில் பாதிகூட ஆகாது. லாபம் எங்களுக்குத்தான். அதனாலதான் கேட்கிறேன்: இந்தப் பெட்டிக்குக் கரண்டு கொடுக்கிறதை லாரி வந்த பிறகு யோசிப்போம்னு விடாதீங்க. இப்பவே எழுதிப் போடுங்க.

மத்திய அரசு பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் மின்சார லாரிக்கு 500 கோடி ஒதுக்கியிருக்கு. 2025 ஜூலையில் விதிமுறையும் வந்தது. வண்டி ஒன்றுக்கு உச்சமாக 9.6 லட்சம் ரூபாய் மானியம். பழைய லாரியை உடைக்கக் கொடுத்த சான்றிதழ் இருந்தால்தான் கிடைக்கும் என்று நிபந்தனை வச்சிருக்காங்க. நல்ல நிபந்தனை. அப்படி நிபந்தனை போடத் தெரிஞ்ச கைக்கு இன்னும் ரெண்டு வரி எழுத முடியாதா? குளிர்ப்பெட்டி இழுக்கிற லாரின்னா பின்னால த்ரீ பேஸ் சாக்கெட் இருக்கணும். அந்தப் பெட்டிக்கென்று பேட்டரியில் ஒரு பங்கு பூட்டியே இருக்கணும், ஓட்டுறதுக்கு அதைத் தொட முடியாத மாதிரி. இல்லைன்னா ஜென்செட் தொங்குற அதே இடத்தில் பெட்டிக்குன்னு தனிப் பேட்டரி ஒன்றைத் தொங்கவிடட்டும். ஐரோப்பாவில் டிரெய்லர் அச்சிலேயே ஜெனரேட்டர் வச்சு, பிரேக் போடுகிறப்போ வருகிற சக்தியைக் குளிர் எந்திரத்துக்கான பேட்டரியில் சேர்க்கிற வண்டிகள் ஓடுது. இல்லாத ஊருக்கு வழி கேட்கலை நான்.

சாக்கெட் வண்டியில் மட்டும் இருந்தால் பத்தாது, வண்டி நிற்கிற இடத்திலும் வேணும். டோல்கேட் பக்கத்து லாரி நிறுத்தம், பெரிய மார்க்கெட், துறைமுகத்துக்கு வெளியே வரிசை நிற்கிற இடம். 32 ஆம்பியர் த்ரீ பேஸ் சாக்கெட் ஒன்று, ஒரு மீட்டர், மழை படாமல் ஒரு பெட்டி. காருக்குப் போடுகிற வேகச் சார்ஜரோட ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. கிணத்து மோட்டார் ரூமில் நாங்க வச்சிருக்கிறதுக்குக் கொஞ்சம் பெரிய தம்பி, அவ்வளவுதான். டீசல் லாரியில் வருகிற ஏசி கண்டெய்னருக்கும் இன்னைக்கே அது உதவும். டிரைவர் பிளக்கைச் சொருகிட்டு ஜென்செட்டை அணைச்சுட்டுத் தூங்குவார். காயும் தூங்கும். மின்சார லாரிக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. கொஞ்சம் யோசிச்சா இதைத்தான் முதலில் செஞ்சிருக்கணும்.

அதுக்கும் முந்தி ஒன்று இருக்கு. எங்க ஊர்லயே செய்ய வேண்டியது. இந்த ஏசி கண்டெய்னர் என்பது குளிர்ந்த பொருளைக் குளிராகவே வச்சுக்கச் செஞ்ச பெட்டி. சூடான பொருளைக் குளிர்விக்கச் செஞ்சது இல்லை. நாங்க 30 டிகிரி காயை அதில் திணிச்சு, "நீயே இறக்கிக்கோ" என்று அனுப்புறோம். அது மூச்சு வாங்கி மூச்சு வாங்கி, ஒரு நாள் ஒன்றரை நாள் எடுத்துக்கும். ரோட்டில் இருக்கிற ஏழு மணி நேரமும் அதுக்குள்ள வந்துடுது. அதாவது எந்த நேரத்தில் கரண்டு கிடைக்கிறது கஷ்டமோ அந்த நேரத்தில்தான் பெட்டிக்கு அதிகமாகக் கரண்டு தேவைப்படுது. பேக்கிங் ஷெட்டிலேயே ஒரு குளிர் அறை இருந்து, காயை 14 டிகிரிக்கு இறக்கி, அப்புறம் ஏற்றினால் ரோட்டில் பெட்டிக்கு மணிக்கு நாலு யூனிட் போதும். 56 யூனிட் 28 ஆகிடும். மின்சார லாரிக்காரருக்கு 22 கிலோமீட்டர் ஓட்டம் இனாம். பேட்டரி தயாரிக்கிறவங்க இந்த 22 கிலோமீட்டருக்கு எத்தனை கோடி செலவழிச்சு ஆராய்ச்சி பண்ணுவாங்களோ! கிராமத்தில் ஒரு அறை கட்டினால் கிடைச்சுடும்.

ஆனா அந்த அறைதான் நாட்டிலேயே இல்லை. 2015-ல் குளிர்ப்பதன வளர்ச்சிக்கான தேசிய மையமும் நபார்டின் ஆலோசனை நிறுவனமும் சேர்ந்து ஒரு கணக்கு எடுத்தாங்க. காய்கறி, பழத்தைத் தரம் பிரித்துக் குளிர்வித்து அனுப்புகிற பேக்கிங் கூடம் நாட்டுக்கு எழுபதாயிரம் வேணுமாம். அப்போ இருந்தது எவ்வளவு தெரியுமா? 249. எழுத்துப்பிழை இல்லைங்க, இருநூற்று நாற்பத்தொன்பது. குளிர்சாதன லாரி 62,000 அளவுக்கு வேணும், பத்தாயிரம்கூட இல்லை. ஆனா மொத்தமாகச் சேர்த்துவைக்கிற குளிர்பதனக் கிட்டங்கி மட்டும் தேவைக்கு ஏறக்குறைய எட்டின அளவு இருந்துச்சு. முக்கால்வாசி உருளைக்கிழங்குக்கு. கிட்டங்கி கட்டினால் ரிப்பன் வெட்டலாம், போட்டோ எடுக்கலாம். ஊருக்குள் சின்னச் சின்னதா அறை கட்டினா எவன் வருவான் ரிப்பன் வெட்ட?

இதெல்லாம் இல்லாத நிலையிலதான் எங்களுக்குப் பாடம் நடத்துவாங்க. ஒவ்வொரு கூட்டத்திலும் டை கட்டின ஒருத்தர் மேடையேறி, "இந்தியாவில் விளைகிற காய்கனியில் 40 சதவீதம் வீணாகிறது, விவசாயிகளிடம் விழிப்புணர்வு இல்லை" என்பார். லூதியானாவில் இருக்கிற மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் 2015-ல் அளந்து சொன்னது, காய்கனியில் பயிருக்குத் தக்கபடி 4.6-லிருந்து 15.9 சதவீதம் வரை. அதுவும் பெரிய நஷ்டம்தான், நான் மறுக்கலை. ஆனா அதில் எவ்வளவு எங்க விழிப்புணர்வால போச்சு, எவ்வளவு ராத்திரி 11.40-க்கு அணைச்ச சுவிட்சால போச்சுன்னு யாராவது பிரித்துச் சொல்லியிருக்காங்களா? விழிப்பாத்தான் இருந்தோம். சீல் வச்சுப் பூட்டின பெட்டிக்குள்ளே எங்களால விழிச்சுக்கிட்டு உட்கார முடியாது.

"உங்களுக்குத்தான் இலவச கரண்டு இருக்கே" என்று இன்னொரு பேச்சும் வரும். இருக்கு. கிணத்துக்கு இருக்கு. அந்த இணைப்பிலிருந்து பேக்கிங் ஷெட்டுக்கு ஒரு பல்பு இழுத்தாலும் அது விதிமீறல், பறக்கும் படை வந்தால் அபராதம். ஷெட்டுக்குத் தனி இணைப்பு, தனிக் கட்டணம். நாங்க கொடுக்கிறோம். கொடுக்க மாட்டோம்னு சொல்லலை. எங்களுக்கு வேண்டியது ஒழுங்கான மூணு பேஸ். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வோல்டேஜ் படுத்துக்கும். ஒரு பேஸ் போச்சுன்னா மோட்டார் உறுமும், பார்க்காமல் விட்டா காயில் கருகிடும். எங்க ஊர்ல மோட்டார் காயில் கட்டுகிற கடை மூணு இருக்கு, மூணிலும் எப்பவும் வேலை இருக்கு. குளிர்ப்பெட்டி கொஞ்சம் புத்திசாலி, கருகாது, தானா நின்னுடும். நின்னா காய் போச்சு. நெடுஞ்சாலைக்குப் பெரிய பெரிய சார்ஜர் போடுகிறப்போ, அந்தக் கம்பி கடைசியா வந்து முடிகிற ஊர் டிரான்ஸ்ஃபார்மரையும் ஒரு தடவை ஏறெடுத்துப் பார்த்தால் தேவலை.

வாடகை பில்லையும் மாத்தணும். இப்போ "தூத்துக்குடி வரை இவ்வளவு" என்று ஒரே தொகை. குளிருக்கு எவ்வளவு, ஓட்டத்துக்கு எவ்வளவு என்று இல்லை. பிரித்துப் போடட்டும். இத்தனை மணி நேரம் குளிர், மணிக்கு இவ்வளவு, அதுக்கான காசு தனி. பெட்டிக்குள்ள இருக்கிற கணக்குப்பிள்ளை எழுதின பதிவு, காய் கொடுத்தவனுக்கும் தானாகவே போனில் வரட்டும். வராத மணி நேரத்துக்குக் காசு கிடையாது. அப்படி வச்சா டிரைவர் தம்பி எதுக்கு சுவிட்சைத் தொடப்போறார்? அவருக்கு அதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமிருக்காது. எங்களுக்குப் பதிவைக் கொடுக்கிறதில் என்ன ராணுவ ரகசியம் இருக்குன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கலை. அன்னைக்கு அதை வாங்க நாங்க பதினோரு பேரும் ஏறி இறங்கின படி கொஞ்சமில்லை.

போன தை மாசம் நாங்களே ஷெட்டில் ஒரு வேலை செஞ்சோம். ஆளுக்கு 1,500 ரூபாய் போட்டு, எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, 32 ஆம்பியர் சாக்கெட் ஒன்றை வெளிச் சுவரில் மாட்டினோம். காய் ஏற்றிக் கதவு சாத்தினதும் பெட்டியை அதில் சொருகிடுவோம். வண்டி கிளம்புகிற வரைக்கும் ஜென்செட் ஓடாது, ஊர்க் கரண்டுதான். முதல் தடவை சொருகினப்போ பெட்டியின் காத்தாடி சுத்துகிற சத்தத்தைக் கேட்டு எங்க பெரியவர் ஒருத்தர், "பம்புசெட்டு போட்ட அன்னைக்கு இப்படித்தான் நின்னு கேட்டேன்" என்றார். குளிர் அறை கட்ட எங்ககிட்ட காசு இல்லை, மானியத்துக்கு எழுதிப் போட்டிருக்கு. ஆனா இந்த ஒரு சாக்கெட்டால கிளம்புகிறப்போ காய் ரெண்டு மூணு டிகிரியாவது இறங்கிப் போகுது. அங்கிருந்து 230 கிலோமீட்டருக்கு, துறைமுகத்து கேட் வரைக்கும், நான் அறிந்தவரை வழியில் வேற சாக்கெட் ஒன்றுகூட இல்லை.

மாப்ளைக்கு நேத்து ராத்திரி ஒரே ஒரு கேள்வி எழுதி அனுப்பினேன். அந்த வீடியோ எடுத்த கம்பெனியில் அவனுக்குத் தெரிஞ்ச பையன் இருக்கானாம். "அந்த லாரிக்குப் பின்னால சாக்கெட் இருக்கா, எத்தனை ஆம்பியர், வண்டி சார்ஜ் ஏறுகிறப்போ அது வேலை செய்யுமான்னு கேட்டுச் சொல்லு மாப்ள" என்று. ரெண்டு நீல டிக் விழுந்துடுச்சு. பதில் இன்னும் வரலை. எங்களுக்கு அடுத்த வெட்டு புரட்டாசி கடைசியில். அதுக்குள்ள வந்தா இங்கேயே எழுதுறேன்.